தாழம்பூக் கரை

என் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் செல்போனில் புடவையைப் படம் எடுத்துக்கொண்டு வந்து, "இதுக்கு மேட்சா ஒரு பிளவுஸ் பிட் குடுங்க" என்று நீட்டுகிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். போனில் தெரிவது போன் கம்பெனிக்காரன் கலர். புடவையின் கலர் புடவையில்தான் இருக்கும். போய் எடுத்துக்கொண்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்பிவிடுவேன். புடவை வந்த பிறகும் டியூப்லைட் வெளிச்சத்தில் முடிவு சொல்ல மாட்டேன். பிட்டையும் புடவையையும் கடை வாசலுக்கு எடுத்துப் போய், வெயிலில் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துப் பார்ப்பேன். சரி என்றால் சரி. இல்லை என்றால், எங்களிடம் இல்லை என்று வாய்விட்டுச் சொல்வேன். தி. நகரில் முப்பத்தொரு வருடமாக மேட்சிங் சென்டர் வைத்திருக்கிறேன். அண்ணாச்சி கடையில் இல்லை என்று சொல்லிவிட்டால் வேறு எங்கும் அலையாதே என்று தாய்மார்கள் மகள்களுக்குச் சொல்லி அனுப்புகிற கடை.

இப்படிப்பட்ட நான் போன ஜனவரியில் ஒரு சுறா விஷயத்தில் பொய் சொன்னேன்.

என் பெயர் சுயம்புலிங்கம். சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம், வீடு அடையாறு. எங்களுக்கு ஒரே மகள், ஸ்வர்ணலதா. அவள் தென்னாப்பிரிக்காவின் தென்கரையில் ஒரு சின்ன ஊரில் உட்கார்ந்துகொண்டு பெரிய வெள்ளைச் சுறாக்களை ஆராய்ச்சி செய்கிறாள். சொந்தக்காரர்களிடம் இதைச் சொன்னால், "அதுக்கு எதுக்கு அவ்வளவு தூரம், காசிமேட்டுல கெடக்காத சுறாவா?" என்பார்கள். காசிமேட்டில் கிடப்பது வேறு. இது பதினைந்து அடி நீளம், ஒரு டன் எடை. குளிர்ந்த தண்ணீரிலும் உடம்பைச் சூடாக வைத்துக்கொள்கிற மீன். எழுபது வயது வரைகூட இருக்குமாம். பெண் சுறா முப்பது வயதைத் தாண்டித்தான் குட்டி போடுமாம். குட்டி போட்டதை இன்று வரை யாரும் கண்ணால் பார்த்ததில்லையாம். இதையெல்லாம் சொந்தக்காரர்களுக்கு விளக்கிக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை கிடையாது. "ஆமா, காசிமேட்டுல எடம் இல்லியாம்" என்று சொல்லிவிடுவேன்.

சுறாவுக்கும் எனக்கும் சம்பந்தம் வந்தது இப்படித்தான். லதா போய் ஆறு மாதம் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போனில் பேசுவோம். சாப்பிட்டியா என்று கேட்பேன், சாப்பிட்டேன் என்பாள். தூக்கம் எப்படி என்பேன், நல்லா தூங்கறேன் என்பாள். மூன்றாவதாகக் கேட்க எனக்கு ஒன்றும் இருக்காது. அவளுக்கும் இருக்காது. இரண்டு பேரும் மூச்சு விடுவது மட்டும் கேட்கும். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, பேச்சு இல்லாத குறைக்கு அவள் தன் வேலையைப் பற்றிச் சொன்னாள். சுறாவின் முதுகுத் துடுப்பின் பின்விளிம்பில் வெட்டும் பல்லுமாக இருக்கும். மனிதருக்குக் கைரேகை போல, ஒன்றுக்கு இருப்பது இன்னொன்றுக்கு இருக்காது. படகிலிருந்து துடுப்பைப் படம் எடுத்து, பழைய படங்களோடு ஒப்பிட்டு, இது இன்ன சுறா என்று கண்டுபிடிப்பார்கள். கம்ப்யூட்டர் பாதியைச் சொல்லிவிடும். மீதிக்கு மனிதக் கண் வேண்டும்.

"ஒரு படம் அனுப்பு பாப்போம்" என்றேன்.

விளையாட்டாக ஒரு துடுப்பையும், ஒப்பிடப் பழைய படங்களையும் அனுப்பினாள். ஆறு படங்கள் கொண்ட பக்கத்தில் நான்காவதைத் தொட்டு, இதுதான் என்றேன். அவர்கள் இரண்டு வாரமாகத் தேடிக்கொண்டிருந்த சுறா அது. பார்டர் பார்த்தே பிழைப்பு நடத்துகிறவனுக்கு இதில் என்ன கஷ்டம்?

அதிலிருந்து வாரா வாரம் வியாழக்கிழமை படங்கள் வரும். மத்தியானம் இரண்டிலிருந்து நான்கு வரை கடையில் ஈ ஓட்டுகிற நேரம். அப்போது கல்லாவுக்குப் பின்னால் கம்ப்யூட்டரைத் திறந்துகொள்வேன். சுறாவைக் கடைக்குக் கொண்டுவரச் சொல்ல முடியாது என்பதால், போட்டோவில் மேட்ச் பார்க்க மாட்டேன் என்ற என் கொள்கையை இதற்கு மட்டும் தளர்த்திக்கொண்டேன். அவர்களிடம் ஒரு முறை இருந்தது. ஒரே படத்தை இரண்டு பேர் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். இரண்டு பேரும் சரி என்றால்தான் கணக்கில் சேரும். ஒருவர் நான். இன்னொருவர் நியூசிலாந்தில் ஒரு ரிட்டயர்டு டீச்சராம். அந்த அம்மா முகத்தை நான் பார்த்ததில்லை.

சுறாக்களுக்கு அவர்கள் நம்பர் போட்டிருந்தார்கள். எனக்கு நம்பர் நிற்காது. ரெட்டைப்பேட்டு, கோபுரம், வங்கி, மல்லிமொக்கு என்று புடவை பார்டர் பெயர்களை வைத்துக்கொண்டேன். கொஞ்ச நாளில் லதாவும் அதே பெயர்களைச் சொல்ல ஆரம்பித்தாள். "அப்பா, இன்னைக்கு ரெட்டைப்பேட்டு வந்தா, படகைச் சுத்திச் சுத்தி வந்தா" என்பாள். சாப்பிட்டியா, தூங்கினியாவுக்குப் பிறகு எங்களுக்கு ஒரு மணி நேரம் பேச ஊரே இருந்தது.

அதில் தாழம்பூ என்று ஒருத்தி. லதா அந்த ஊருக்குப் போய்ப் படகில் ஏறிய முதல் நாள் பார்த்த முதல் சுறா. துடுப்பின் விளிம்பில் கீழிருந்து மூன்று பல், ஒரு இடைவெளி, மறுபடி இரண்டு பல். அந்த இரண்டில் மேல் பல் லேசாக உள்பக்கம் வளைந்திருக்கும். தாழம்பூ மடல் போலக் கூர் கூராக ரேக்கு போட்ட பட்டுக் கரை அச்சு அசல் அப்படித்தான் இருக்கும். "தண்ணிக்குள்ளேர்ந்து தலையை நிமிர்த்தி என்னையே பாத்தாப்பா. கண்ணு கறுப்புன்னு எல்லாரும் சொல்லுவாங்க. இல்லப்பா, நீலம். அடர்நீலம்" என்று லதா பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை சொன்ன குரல் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. கல்யாணப் புடவையைப் பார்த்துக்கூட ஒரு பெண் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

பிறகு அந்தக் கடலுக்கு ஓர்க்காக்கள் வந்தன. கறுப்பும் வெள்ளையுமாகக் கொலைத் திமிங்கிலம் என்கிறார்களே, அவை. சுறாவை மல்லாக்கப் புரட்டிக் கிழித்து, ஈரலை மட்டும் தின்றுவிட்டு மீதியை விட்டுவிட்டுப் போகும். ஈரல் இல்லாத உடல்கள் கரையில் ஒதுங்கின. ரெட்டைப்பேட்டு ஒதுங்கினாள். அந்த ஞாயிற்றுக்கிழமை லதாவால் பேச முடியவில்லை. அதற்குப் பிறகு மற்ற சுறாக்களும் காணாமல் போயின. நாற்பது நாள் படகில் போய்வந்தும் ஒரு துடுப்பு கண்ணில் படவில்லை என்றாள். செத்துப்போனவை எத்தனை, ஓடிப்போனவை எத்தனை என்று யாருக்கும் தெரியவில்லை.

அது தெரிந்தால்தான் அவள் வேலை நடக்கும். எண்ணூறு கிலோமீட்டர் கிழக்கே, வேறு கரையில் யார் யாரோ எடுத்த துடுப்புப் படங்களையெல்லாம் சேகரித்தார்கள். அவற்றில் பழைய சுறா ஒன்றாவது இருந்தால், இவை இடம் மாறியிருக்கின்றன என்று அர்த்தம். அந்தக் கரையில் மீனவர் வலை, கடலில் குளிப்பவர்களுக்குப் பாதுகாப்பு வலை என்று எங்கும் வலை. அதில் மாட்டாமல் காப்பாற்ற வேண்டும் என்று அரசாங்கத்திடம் போய் நிற்கலாம். ஆராய்ச்சி அங்கே மாறும், இன்னும் ஐந்து வருடம் நடக்கும். ஒன்றுகூட இல்லை என்றால் மார்ச்சோடு மூடிவிடுவார்கள். மூடிவிட்டால் லதா ஊருக்கு வருவாள். பாலவாக்கத்தில் ஒரு கடல் ஆய்வுக் கூடத்தில் அவளுக்கு இடம் தயாராக இருந்தது. எங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரம்.

என் மனைவி மீனாட்சிக்கு இது தெரிந்ததும் செவ்வாய்க்கிழமை தவறாமல் வடபழனிக்குப் போக ஆரம்பித்தாள். சுறா கிடைக்கக் கூடாது என்று முருகனிடம் வேண்டிக்கொண்ட ஒரே பெண்பிள்ளை அவளாகத்தான் இருக்கும். நான் கேலி செய்தேன். ஆனால் அவள் கொண்டுவந்து நீட்டிய விபூதியை ஒரு செவ்வாய்க்கிழமைகூட வேண்டாம் என்று சொல்லவில்லை. நாலு வருடத்தில் லதா ஒரு தடவை வந்தாள், பதினோரு நாள். அந்தப் பதினோரு நாளில் பாதி விசா ஆபீசில் போயிற்று. இட்லி தட்டில் ஒரு குழியைக் காலியாக விட்டு ஊற்றுகிற பழக்கம் மீனாட்சிக்கு எப்போது வந்தது என்று எனக்குத் தெரியாது. நான் கேட்டதும் இல்லை.

ஜனவரியில் பொங்கல் முடிந்த அடுத்த வியாழக்கிழமை. பன்னிரண்டு படங்கள் வந்திருந்தன. ஏழு படங்களைப் பார்த்துத் தள்ளிவிட்டு எட்டாவதைத் திறந்தேன். துடுப்பின் நுனி போயிருந்தது. எதுவோ கடித்ததோ, படகு அடித்ததோ, மேல் பாகம் கால்வாசி இல்லை. கம்ப்யூட்டர் அதை யாரோடும் சேர்க்க முடியாமல் கைவிட்டிருந்தது. நியூசிலாந்து டீச்சரம்மாவும் சந்தேகம் என்று எழுதியிருந்ததாகப் பிறகு தெரிந்தது.

கீழிருந்து மூன்று பல். ஒரு இடைவெளி. இரண்டு பல். மேல் பல் லேசாக உள்பக்கம் வளைந்து.

முதலில் எனக்குச் சந்தோஷம்தான் வந்தது, அதைச் சொல்லியாக வேண்டும். அடி என் தாயே, நீ இருக்கியா என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். அடுத்த நிமிஷம், இவள் இருந்தால் லதா வரமாட்டாள் என்பது உறைத்தது. அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேனோ.

"இன்னா அண்ணாச்சி, பேயறைஞ்ச மாதிரி கீறீங்க?" என்று கேட்டாள் சுலோச்சனா. சைதாப்பேட்டையிலிருந்து வருகிறவள், பதினெட்டு வருடமாகக் கடையில் என் வலது கை. "மயிலாப்பூர் மாமி எவ்ளோ நேரமா நின்னுகினு கீறாங்க, பாருங்க."

சூடாமணி மாமி நின்றுகொண்டிருந்தார். என்னிடம் இருபது வருடமாக வருகிறவர். தங்கை வீட்டுச் சஷ்டியப்தபூர்த்திக்குக் கட்டிக்கொள்ள வெங்காயத்தோல் கலரில் ஒரு பட்டைக் கையோடு கொண்டுவந்திருந்தார். நான் எழுந்து போய் நான்கு பிட்டைப் பிரித்துப் போட்டேன், ஒன்றைத் தொட்டேன். "இது சரியா இருக்கும் மாமி" என்றேன். வாசலுக்கு எடுத்துப் போகவில்லை. மாமியும் கேட்கவில்லை. அவர் போன பிறகு திரும்பி வந்து, எட்டாம் படத்துக்கு நேரே 'இல்லை' என்று அடித்து அனுப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை லதா பேசினாள். மீனாட்சி போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தாள்.

"முடிஞ்சிடுச்சும்மா. கிழக்குல வந்த படம் எல்லாத்தையும் பாத்தாச்சு. ஒண்ணும் இல்ல. மார்ச் கடைசில டிக்கெட் போடறேன்."

மீனாட்சி, "முருகா" என்று சுவரில் சாய்ந்துகொண்டாள். கண்ணில் தண்ணீர். நான் கனைத்துக்கொண்டு, "சரிட்டி, நல்லது" என்றேன்.

"அப்பா" என்றாள் லதா. "அந்த நுனி போன துடுப்பு ஒண்ணு இருந்துச்சுல்ல. எனக்கு அதப் பாத்ததும் என்னமோ தோணுச்சுப்பா. ரெண்டு நாள் அதையே பாத்துட்டு இருந்தேன். ஆனா எனக்கு ஆசை இருக்கு, ஆசை இருக்கறவ பாத்தா எல்லாமே அவ மாதிரிதான் தெரியும். அதான் உங்களுக்கு அனுப்பினேன். நீங்க இல்லன்னுட்டீங்க. அப்பறம் நான் பாக்கல."

சாப்பிட்டியா என்று கேட்டேன்.

அடுத்த ஒரு வாரம் எங்கள் வீட்டில் திருவிழா. மீனாட்சி லதாவின் அறைக்கு வெள்ளை அடிக்க ஆள் பிடித்தாள். புது மெத்தை வாங்கினாள். அடுக்குமாடியில் உள்ள பன்னிரண்டு வீட்டுக்கும் விஷயம் போய்விட்டது. "வந்ததும் மொதல்ல என்ன ஆக்கிப்போடலாம்?" என்று என்னிடம் கேட்பாள், அவளே பதிலும் சொல்லிக்கொள்வாள். எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சுறாப் புட்டு என்றால் உயிர். லதா காலேஜில் இரண்டாம் வருடம் படிக்கும்போது அது எங்கள் வீட்டில் தடை செய்யப்பட்டது. "அது மட்டும் ஆக்க மாட்டேன், பயப்படாதன்னு சொல்லுங்க" என்று சிரித்தாள். மீனாட்சி அப்படிச் சிரித்து நான் பார்த்து வெகுநாளாயிற்று. நானும் சிரித்தேன். சோறுதான் இறங்கவில்லை.

எனக்குள் வக்கீல் ஒருவன் உட்கார்ந்துகொண்டு வாதாடினான். ஒரு மீன்தானே? அது எண்ணூறு கிலோமீட்டர் தள்ளி நீந்திக்கொண்டுதானே இருக்கிறது, நான் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் அது பாட்டுக்கு நீந்தும். பெற்ற பெண்ணைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள ஆசைப்படுவது குற்றமா? இந்த வக்கீலுக்கு நான் தலையாட்டிக்கொண்டேயிருந்தேன். அவன் வலையைப் பற்றி மட்டும் பேசவில்லை. அந்தக் கரை முழுக்க வலை என்று லதா சொன்னதை அவன் லாவகமாகத் தாண்டிப் போனான்.

சனிக்கிழமை மத்தியானம் சூடாமணி மாமி மறுபடி வந்தார். கையில் பை. என் மேசைமேல் புடவையையும், தைத்த ரவிக்கையையும் வைத்தார்.

"சண்டைக்கு வரலை, சுயம்புலிங்கம்" என்றார். "நேத்திக்கு ஃபங்ஷன்ல கட்டிண்டேன். ஆத்துல லைட்ல ஒண்ணும் தெரியலை. மண்டபத்து வாசல்ல போட்டோ எடுக்க நிக்கறேன், என் நாத்தனார் கேக்கறா, என்ன மன்னி, ரவிக்கை வேற செட்டான்னு."

நான் இரண்டையும் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். வெயிலில் பிடித்தேன். புடவை வெங்காயத்தோல். ரவிக்கை செங்கல். ஒரு குழந்தைக்குத் தெரியும்.

"நானே வாசலுக்கு எடுத்துண்டு போய்ப் பாத்திருக்கணும்" என்றார் மாமி பின்னால் நின்றுகொண்டு. "நீங்க சரின்னு சொன்னேளே, அப்பறம் நான் எதுக்குப் பாக்கறதுன்னு இருந்துட்டேன்."

அந்த வார்த்தை என்னை அடித்துப் போட்டது. லதாவும் இதைத்தான் சொன்னாள். நான் இல்லை என்று சொன்ன பிறகு அவள் பார்க்கவில்லை.

மாமியிடம் மன்னிப்புக் கேட்டு, சரியான பிட்டை எடுத்துத் தைத்துத் தர சுலோச்சனாவிடம் சொல்லிவிட்டு, மறுபடி வாசலுக்கே வந்தேன். அந்த ஊரில் அப்போது காலை பதினொரு மணி இருக்கும். போன் போட்டேன்.

"அப்பா? கடையிலேர்ந்தா? அம்மாக்கு ஏதாவதா?"

"அம்மா நல்லாருக்கா. ஏட்டி, அந்த எட்டாம் படம். நுனி போன துடுப்பு."

"ஆமா."

"அது தாழம்பூ."

தெருவில் ஒரு ஆட்டோ ஹாரன் அடித்துக்கொண்டே போயிற்று. அது போகும் வரை காத்திருந்தேன்.

"மூணு பல்லு, எடைவெளி, ரெண்டு பல்லு. மேல் பல்லு உள்பக்கமா வளைஞ்சிருக்கு. சந்தேகமே இல்ல. அவதான்."

"உயிரோட இருக்கா" என்றாள் லதா. என்னிடம் சொல்லவில்லை, தனக்குள் சொல்லிக்கொண்டாள். கொஞ்சம் கழித்து, "இப்பத்தான் தெரிஞ்சதாப்பா?" என்றாள். அந்தக் கேள்வியில் எனக்கு ஒரு வழி வைத்திருந்தாள். ஆமாம் என்று சொல்லிவிட்டுத் தப்பித்திருக்கலாம்.

"பாத்தவொடனே தெரிஞ்சது. ஒம்பது நாளாத் தெரியும்."

"ஏன்ப்பா?"

"நீ வருவேன்னு."

அவள் அழுகிறாளா என்று தெரியவில்லை. நான் அழுதேன். பாண்டி பஜார் பக்கம் சனிக்கிழமை மத்தியானம் ஒருவன் அழுதால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, அது ஒரு வசதி.

"இத நான் இங்க சொல்லியாகணும்பா" என்றாள். "நீங்க பாத்த படம் எல்லாத்தையும் வேற ஒருத்தர் மறுபடி பாப்பாங்க. இனிமே உங்களுக்குப் படம் அனுப்ப முடியாது. புரியுதா?"

"புரியுது."

"இதெல்லாம் ஆகும்னு தெரிஞ்சுதான் சொல்றீங்களா?"

"வாசல்ல வெயில்ல நின்னு பேசுதேன்" என்றேன். கடையிலேயே வளர்ந்த பெண். அதற்கு மேல் அவள் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து மீனாட்சியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். லதாவின் அறை ஜன்னலுக்குப் புதுத் திரை தொங்கவிட வளையம் கோத்துக்கொண்டிருந்தாள். கடைசிவரை கேட்டாள். கோத்த வளையங்களை ஒவ்வொன்றாகக் கழற்றி டப்பாவில் போட்டாள்.

"சொல்லாமலே இருந்தா என்ன கொறஞ்சு போகும்?"

"அவ எதுத்தாப்புல உக்காந்து சாப்பிடுவா. நான் எப்படி அவ மொகத்தப் பாக்க?"

"நான் பாத்திருப்பேன்" என்றாள் மீனாட்சி. "எனக்குப் பாக்கணும்." மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நான்காவது நாள் காப்பியை வைத்துவிட்டு, சூடு ஆறிடும் என்றாள்.

ஏப்ரலில் லதா கிழக்குக் கரைக்கு மாறினாள். ஞாயிற்றுக்கிழமை போன் நிற்கவில்லை. சாப்பிட்டியா என்று கேட்பேன், சாப்பிட்டேன் என்பாள். தூக்கம் எப்படி என்பேன். அதற்குப் பிறகு சுறாவைப் பற்றிக் கேட்க எனக்கு வாய் வராது. கேட்கிற யோக்கியதையை நானே கெடுத்துக்கொண்டேன். இரண்டு பேரும் மூச்சு விடுவது பழையபடி கேட்டது. வியாழக்கிழமை மத்தியானம் கைதவறிக் கம்ப்யூட்டரைத் திறந்துவிடுவேன். வந்திருக்காது என்று தெரிந்தே திறப்பேன். பிறகு துணிக் கட்டுகளை அடுக்குவேன், அடுக்கினதைக் கலைத்து மறுபடி அடுக்குவேன். சுலோச்சனா ஒரு நாள், "வுடுங்க அண்ணாச்சி, அந்தத் துணி இன்னா பாவம் பண்ணுச்சு" என்றாள்.

மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை லதாவே சொன்னாள். "உங்க படம் எல்லாத்தையும் திருப்பிப் பாத்து முடிச்சுட்டாங்கப்பா. இருநூத்துப் பதிமூணு. ஒண்ணுகூடத் தப்பில்ல."

"அந்த எட்டாவது?"

"அது தப்பு இல்லப்பா. அது பொய்."

ஆனால் போனை வைக்கும்போது, "மழை வருதா அங்க?" என்று கேட்டாள். மூன்றாவதாக ஒரு கேள்வி. அந்த வாரம் முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் மாதம், ஒரு மத்தியானம். மீனாட்சி பக்கத்தில் ஏதோ வாங்க வந்தவள் கடையில் உட்கார்ந்து மின்விசிறிக் காற்று வாங்கிக்கொண்டிருந்தாள். என் போனில் ஒரு படம் வந்தது. கீழே லதா எழுதியிருந்தாள்: "மேட்ச் பண்ண இல்ல. சும்மா பாக்க."

படகிலிருந்து எடுத்த படம். பச்சைத் தண்ணீர். நுனி போன துடுப்பு, மூன்று பல், இரண்டு பல். தண்ணீருக்கு அடியில் முழு உடம்பும் தெரிந்தது. நல்ல பருமன்.

"மீனாட்சி, இந்தா பாரு, தாழம்பூ."

அவள் அதுவரை ஒரு படத்தையும் பார்த்ததில்லை. அந்தச் சனியனை எனக்குக் காட்டாதீங்க என்பாள். அன்று கையை நீட்டினாள். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"பிள்ளத்தாச்சியா?"

"இருக்கலாம். யாருக்கும் நிச்சயமாத் தெரியாது."

"பெத்தா, குட்டிய எவ்வளவு நாள் கூட வச்சுக்கிடும்?"

"வச்சுக்கிடாது. பொறந்த நிமிசத்துலேர்ந்து அது பாட்டுக்கு அது போயிரும். தாயும் திரும்பிப் பாக்காது."

"குடுத்து வச்சவ" என்றாள் மீனாட்சி.

போனைத் திருப்பித் தருவாள் என்று கை நீட்டினேன். தரவில்லை. இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினாள். சுறாவை விட்டுவிட்டு ஓரத்துக்குப் போனாள். அங்கே தண்ணீர்மேல் படகின் நிழல் விழுந்திருந்தது. படகில் நின்றவர்களின் நிழலும், மூன்று பேர். அலையில் உடைந்து உடைந்து கிடந்தன.

"இது லதா" என்றாள் நடு நிழலைத் தொட்டு.

"நெழல்ல எப்படிட்டி தெரியும்?"

"தலையச் சாச்சுகிட்டு, இடுப்புல கைய வச்சுகிட்டு நிக்கா பாருங்க. அஞ்சு வயசுல இந்தக் கடைல அப்படித்தான் நிப்பா. நாட்டாமை மாதிரி நிக்காதட்டின்னு எத்தன மட்டம் வஞ்சிருக்கேன்."

எனக்குத் தெரியவில்லை. முப்பத்தொரு வருடமாகக் கரையும் கலரும் பார்த்த கண்ணுக்கு அது வெறும் நிழலாகத்தான் இருந்தது. போனை வாங்கிக்கொண்டு வாசலுக்குப் போனேன். வெயிலில் திரை மங்கலாகத்தான் தெரிந்தது, உள்ளங்கையைக் குவித்து மறைவு கட்டிக்கொண்டு பார்த்தேன். சாய்ந்த தலை. இடுப்பில் கை. மீனாட்சி எழுந்து வந்து என் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டு, நான் என்ன சொல்லப் போகிறேன் என்று காத்துக்கொண்டிருந்தாள்.

"சரிதான்" என்றேன். "அவதான்."